மஞ்சள் பட்டாணியில் கிட்னி மருந்தா? எலிகளிடம் தெரிந்ததும் ஏழு பேரிடம் தெரிந்ததும்

'தினமும் பட்டாணி சாப்பிட்டால் கிட்னி பிரச்சினையே வராது', 'தாவர புரோட்டீன் சிறுநீரகத்தைக் குணப்படுத்தும்' ரகத் தகவல்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வந்து போகும். வழக்கமான ஃபார்வர்டு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால், இதற்குப் பின்னால் நிஜமான ஓர் ஆய்வு இருக்கிறது. கனடாவின் வின்னிபெக் நகரில் உள்ள மனிடோபா பல்கலைக்கழகத்தில் உணவு வேதியியலாளர் ரொட்டிமி அலுக்கோவின் குழு செய்தது. 2009 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் முதலில் அறிவிக்கப்பட்டது. அதன் விரிவான முடிவுகள் 2011-ல் வேளாண் மற்றும் உணவு வேதியியல் துறையின் முக்கியமான ஆய்விதழ் ஒன்றில் வெளியாகின.

அந்த ஆய்வில் மஞ்சள் பட்டாணி இருந்தது. கிட்னி நோய் இருந்தது. பலனும் தெரிந்தது. ஆனால், அதில் பலன் பெற்ற யாரும், எலிகள் உட்பட, பட்டாணியைப் பட்டாணியாகச் சாப்பிடவில்லை. ஃபார்வர்டில் காணாமல் போனது இந்த ஒரு விஷயம்தான்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'தாவரப் புரதம் கிட்னிக்கு நல்லது' என்று படித்துவிட்டு, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகனோ மகளோ ஆன்லைனில் ஒரு டப்பா பட்டாணி புரோட்டீன் பவுடர் ஆர்டர் போட்டால், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டே கிட்னி மேல் சுமையை ஏற்ற வாய்ப்பு இருக்கிறது. எப்படி என்று பின்னால் பார்ப்போம். முதலில் அந்த ஆய்வு.

பெப்டைடு என்றால் என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சரம். பூக்கடையில் இருக்கும் மல்லிகைப் பந்து மாதிரி. அதில் இருந்து விரற்கடை அளவுக்குக் கத்தரித்து எடுத்தால் வரும் துண்டுதான் பெப்டைடு. இரண்டு அமினோ அமிலம் இருக்கலாம், மூன்று இருக்கலாம், இருபதும் இருக்கலாம்.

பூச்சரத்தை வெட்டினால் அதே பூ, அதே வாசம்தான். புரதத்தில் அப்படி இல்லை. முழுச் சரமாகச் சுருண்டு கிடக்கும்போது உள்ளே மறைந்திருக்கும் பகுதிகள், வெட்டியபின் தனித் துண்டாக வெளியே வந்து வேறு வேலை செய்ய ஆரம்பிக்கும். சில துண்டுகள் உடலில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட என்சைமின் பள்ளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்து, அதை வேலை செய்யவிடாமல் அடைத்துக்கொள்ளும். இப்படி உடலில் ஏதாவது விளைவை உண்டாக்கும் துண்டுகளைத்தான் உயிர்ச்செயல் பெப்டைடுகள் என்கிறார்கள்.

எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே பட்டாணிப் புரதத்தை வேறு வேறு என்சைம் கொண்டு வெட்டினால் வேறு வேறு துண்டுகள் கிடைக்கும். நம் வயிற்றில் இருக்கும் பெப்சினும் குடலில் இருக்கும் டிரிப்சினும் ஒரு விதமாக வெட்டும். வின்னிபெக் குழு பயன்படுத்தியது தெர்மோலைசின். வெப்பம் தாங்கும் ஒரு பாக்டீரியாவில் இருந்து எடுக்கப்படும் என்சைம் இது. மனித உடலில் கிடையாது.

அவர்கள் செய்தது இதுதான். மஞ்சள் பட்டாணியில் இருந்து புரதத்தை மட்டும் பிரித்தார்கள். தெர்மோலைசின் போட்டு வெட்டினார்கள். கிடைத்ததை மிக நுண்ணிய சவ்வு வழியாக வடிகட்டி, 3 கிலோடால்டனுக்குக் குறைவான எடை கொண்ட சின்னத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சுமாராக 25 அமினோ அமிலங்களுக்குள் அடங்கும் துண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கலவைக்குப் பெயர் ஹைட்ரோலைசேட்.

எலிகளுக்கு என்ன ஆனது?

இரண்டு வகை எலிகளிடம் சோதித்தார்கள். முதல் வகை, பிறவியிலேயே உயர் ரத்த அழுத்தம் உள்ள எலிகள். ஹைட்ரோலைசேட்டை வாய்வழியாகக் கொடுத்ததும் ஒவ்வொரு மணி நேரமும் பி.பி. அளந்தார்கள். நான்காவது மணி நேரத்தில் அதிகபட்சமாக 19 புள்ளி (மி.மீ. பாதரச அளவில்) குறைந்தது. வெட்டப்படாத பட்டாணிப் புரதத்தையும் இதே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பி.பி. குறையவே இல்லை.

இந்த ஒரு ஒப்பீட்டை வைத்தே பாதி ஃபார்வர்டுகளை முடித்துவிடலாம். அதே பட்டாணி, அதே புரதம். வெட்டினால் வேலை செய்கிறது, வெட்டாவிட்டால் செய்யவில்லை. எலியின் குடலிலும் புரதம் செரித்துத் துண்டு துண்டாகத்தான் ஆகிறது. ஆனால், அங்கே விழும் வெட்டு வேறு. தேவையான துண்டுகள் அந்தக் கணக்கில் வரவில்லை. சுண்டல் சாப்பிட்டாலும் சரி, பட்டாணிக் குருமா சாப்பிட்டாலும் சரி, நம் வயிற்றில் தெர்மோலைசின் இல்லை.

இரண்டாவது வகை எலிகள்தான் கிட்னி நோய் எலிகள். சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் உருவாகி, நாளடைவில் அது செயலிழக்கும் நோய் இவற்றுக்குப் பரம்பரையாகவே உண்டு. மனிதர்களுக்கு வரும் பாலிசிஸ்டிக் கிட்னி நோய்க்கு மாதிரியாக இந்த எலிகளைப் பயன்படுத்துகிறார்கள். எட்டு வாரம் ஹைட்ரோலைசேட் கலந்த உணவு கொடுத்த பிறகு, இவற்றின் மேல் அழுத்தம் 29 புள்ளியும் கீழ் அழுத்தம் 25 புள்ளியும் குறைந்திருந்தன.

எலி என்றாலும் லேசுப்பட்ட எண் இல்லை இது. ஆனால் ஒரு நுணுக்கம்: இந்த எலிகளில் பழுதாகியிருப்பது ஏஎன்கேஎஸ்6 என்ற ஜீன். மனிதர்களில் இந்த நோய் பெரும்பாலும் பிகேடி1, பிகேடி2 என்ற ஜீன்களின் பழுதால் வருகிறது. நோயின் தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் வேர் வேறு.

பி.பி.க்கும் கிட்னிக்கும் என்ன கணக்கு?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு குட்டி உருண்டை. ரத்தம் அழுத்தத்தோடு இதற்குள் பாயும்போதுதான் கழிவு வடிகிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளில் வடிப்பது கிட்டத்தட்ட 180 லிட்டர். அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீர்.

வடிகட்டுவதற்கு அழுத்தம் வேண்டும். ஆனால் அழுத்தம் எப்போதும் அதிகமாகவே இருந்தால் அந்தச் சுருள் தழும்பேறிக் கெட்டுப்போகும். ஒரு நெஃப்ரான் போனால் அதன் வேலை பக்கத்தில் இருப்பதன் தலையில் விழும். ஆள் குறைந்த ஆபீஸில் மிச்சம் இருப்பவர்கள் மேல் வேலை ஏறுகிற மாதிரி. அதுவும் சீக்கிரம் கெடும். கிட்னி நோய் ஒரு கட்டத்துக்கு மேல் தானாகவே வேகமெடுப்பது இதனால்தான்.

பி.பி.யை ஏற்றும் பட்டனும் கிட்னியிடமே இருக்கிறது. தன்னிடம் வரும் ரத்தம் குறைகிறது என்று தோன்றினால் அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். ரெனின் ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின்-1 ஆக்கும். அதை ஏ.சி.இ. என்ற என்சைம் வெட்டி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்கும். இந்த இரண்டாவது ஆள்தான் ரத்தக் குழாய்களை இறுக்கி, உப்பைப் பிடித்துவைத்து, பி.பி.யை ஏற்றுவது. சுவாரசியம் என்னவென்றால் ஆஞ்சியோடென்சின்களும் பெப்டைடுகள்தான். ஒரு பெப்டைடு செய்யும் வேலையை இன்னொரு பெப்டைடை வைத்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்த விடை

உணவுப் பெப்டைடு ஆய்வுகளில் பெரும்பாலும் ஏ.சி.இ.தான் குறி. சோதனைக் குழாயில் ஏ.சி.இ.யைப் போட்டு, பெப்டைடையும் போட்டு, எத்தனை சதவீதம் அடைக்கிறது என்று பார்ப்பது எளிது. அதனால் 'ஏ.சி.இ.யைத் தடுக்கும்' என்ற பட்டியலில் சோயா, பட்டாணி, சணல் விதை, கடுகுவகை விதை என ஏகப்பட்ட தாவரப் பெப்டைடுகள் இடம்பிடித்துவிட்டன.

வின்னிபெக் எலிகளில் நடந்தது வேறு. ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-2 குறைந்திருந்தது, ஆனால் ஏ.சி.இ.யின் செயல்பாட்டில் மாற்றமே இல்லை. சிறுநீரகத்தில் ஏ.சி.இ. ஜீனின் வெளிப்பாடும் அப்படியேதான் இருந்தது. மாறியிருந்தது ரெனின். சிறுநீரகத்தில் ரெனினை உருவாக்கும் மரபணுச் செய்தி கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. அதாவது, சங்கிலியின் நடுவில் பூட்டுப் போடும் என்று நினைத்த பொருள், சங்கிலி ஆரம்பிக்கும் இடத்திலேயே கை வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

சோதனைக் குழாயில் ஒன்று, உடலுக்குள் வேறொன்று. இந்த ஆய்வின் உண்மையான மதிப்பே இதைக் கண்டுபிடித்ததில்தான் இருக்கிறது எனலாம். '90 சதவீதம் ஏ.சி.இ. தடுப்பு' என்று ஏதாவது சப்ளிமென்ட் டப்பாவில் எழுதியிருந்தால், அது கண்ணாடிக் குழாயில் எடுத்த மார்க் என்று புரிந்துகொள்வது நல்லது.

மனிதர்களிடம் சோதிக்கவே இல்லையா?

சோதித்தார்கள். ஏழு பேரிடம். மூன்று வாரம். யாருக்கு ஹைட்ரோலைசேட், யாருக்கு வெறும் பிளாசிபோ என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாத முறையில், பிறகு இரண்டு தரப்பையும் மாற்றிக் கொடுக்கும் முறையில், கறாராகவே செய்யப்பட்ட சோதனை. பிளாசிபோவோடு ஒப்பிட, மேல் அழுத்தம் இரண்டாவது வாரத்தில் 5 புள்ளியும் மூன்றாவது வாரத்தில் 6 புள்ளியும் குறைந்தது.

ஏழு பேர் என்பது ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிவிடும் கூட்டம். இதை வைத்து 'நம்பிக்கை தருகிறது, மேலே செய்து பார்க்கலாம்' என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. முக்கியமாக, அங்கே அளந்தது பி.பி.யை. சிறுநீரகம் கெடுவது நின்றதா, டயாலிசிஸ் தள்ளிப்போனதா என்பதெல்லாம் மூன்று வாரத்தில் அளக்கக்கூடிய விஷயங்களே அல்ல. ஃபார்வர்டில் வரும் 'கிட்னியைக் குணப்படுத்தும்' என்ற வாக்கியத்தில் பாதி எலியிடம் இருந்து வந்தது, பாதி கற்பனையில் இருந்து வந்தது.

ஓர் ஒப்பீட்டுக்கு: 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 3,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 34 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. தினசரி உப்பில் சராசரியாக 4.4 கிராம், ஏறக்குறைய முக்கால் டீஸ்பூன், குறைத்தபோது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் 5 புள்ளிக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. பட்டாணிப் பெப்டைடு அந்த ஏழு பேருக்குத் தந்த அதே அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் பாக்கெட்டைக் குறைத்தால் கிடைப்பதை யாரும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வதில்லை, பாவம்.

பாம்பு விஷம் காட்டிய வழி

பெப்டைடில் இருந்து கிட்னி மருந்து வருமா என்ற கேள்விக்கு, ஏற்கெனவே வந்திருக்கிறது என்பதுதான் பதில். ஆனால் வந்த வழியைப் பார்த்தால்தான் பட்டாணி எந்த மைல்கல்லில் நிற்கிறது என்று புரியும்.

பிரேசிலில் ஜராராகா என்றொரு விரியன் பாம்பு உண்டு. கடித்தால் பி.பி. சரசரவென்று இறங்கும். 1960-களில் செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில் விஞ்ஞானி அந்த விஷத்தில் இருக்கும் பெப்டைடுகளைப் பிரித்தார். அவற்றை அவர் லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனபோது, அவை ஏ.சி.இ.யை அடைக்கின்றன என்பது தெரியவந்தது. அமெரிக்காவின் ஸ்க்விப் மருந்து நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. விஷத்தில் இருந்த ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைத் தனியாகத் தயாரித்து, டெப்ரோடைடு என்று பெயர் வைத்துச் சோதித்தார்கள். மனிதர்களிடம் பி.பி. நன்றாகவே குறைந்தது.

ஒரே சிக்கல், ஊசியாகத்தான் போட முடிந்தது. மாத்திரையாகக் கொடுத்தால் வயிற்றில் செரித்துவிடும். பி.பி. நோயாளி வாழ்நாள் முழுக்கத் தினமும் ஊசி போட்டுக்கொள்வது நடக்கிற காரியமா?

ஸ்க்விப் ஆய்வாளர்கள் டேவிட் குஷ்மனும் மிகேல் ஒண்டெட்டியும் பெப்டைடையே விட்டுவிட்டார்கள். அதன் வால் முனை ஏ.சி.இ.யில் எப்படிப் பொருந்துகிறது என்பதை மட்டும் கற்றுக்கொண்டு, அதே வடிவத்தில், செரிமானத்தில் உடையாத ஒரு சின்ன மூலக்கூறை வடிவமைத்தார்கள். அதுதான் காப்டோப்ரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைக்கு டாக்டர்கள் எழுதும் எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் இதன் தம்பிகள்.

அதுவும் அப்போது பி.பி. மருந்து மட்டும்தான். கிட்னியைக் காக்கும் என்று அடித்துச் சொல்ல இன்னும் 12 வருடம் ஆனது. 1993-ல் வெளியான ஆய்வில், டைப்-1 சர்க்கரை நோயால் கிட்னி பாதிக்கப்பட்ட 409 பேரிடம் சோதித்தபோது, மரணம், டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஆபத்து காப்டோப்ரில் எடுத்தவர்களுக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. பாம்பின் வாயில் இருந்து கிட்னி நோயாளியின் கைக்கு வர முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தாவரத்தில் இருந்தும் இப்படி ஒரு கதை உண்டு, பெப்டைடு இல்லை என்றாலும். ஆப்பிள் மரப் பட்டையில் இருந்து 1835-லேயே ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும். ஆனால் வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் சரியாக ஏறாது, உடைந்தும் போகும். அதன் வடிவத்தை மாற்றி உருவாக்கியவைதான் டாப்பாகிளிஃப்ளோசின் போன்ற இன்றைய மாத்திரைகள். 2020-ல் வந்த ஆய்வில் 4,304 கிட்னி நோயாளிகளைச் சராசரியாக இரண்டரை வருடம் போலப் பின்தொடர்ந்தார்கள். கிட்னி கடுமையாகக் கெடுவது அல்லது கிட்னி, இதயக் காரணங்களால் இறப்பது பிளாசிபோ எடுத்தவர்களில் 14.5 சதவீதம் பேருக்கு நடந்தது. மருந்து எடுத்தவர்களில் 9.2 சதவீதம். ஒரு பொருள் 'கிட்னியைக் காக்கிறது' என்று சொல்ல வேண்டுமானால் இந்த மாதிரி எண் வேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் ஆப்பிள் மரப் பட்டையைக் கஷாயம் வைக்கக் கிளம்பவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

பெப்டைடு வயிற்றைத் தாண்டுமா?

செமகுளூட்டைடு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எடை குறைப்பு ஊசி என்று இன்ஸ்டாகிராமில் ஓடிக்கொண்டிருக்கும் அதே மருந்து. அது ஒரு பெப்டைடு. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 ஹார்மோனைப் பார்த்துச் செய்தது. 2024-ல் வெளியான ஆய்வில், டைப்-2 சர்க்கரையும் கிட்னி நோயும் உள்ள 3,533 பேரிடம் பெரிய கிட்னி பாதிப்புகளின் ஆபத்தை 24 சதவீதம் குறைத்தது. 2025 ஜனவரியில் இந்த நோயாளிகளுக்கான கிட்னி பாதுகாப்புக்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆக, பெப்டைடு கிட்னி மருந்தாக முடியும்; இது நிரூபணமான விஷயம்.

ஆனால் அந்தப் பெப்டைடு உடலில் உடையாமல் இருக்க, அதன் அமினோ அமிலத்தை மாற்றி, கொழுப்பு அமில வால் ஒட்டி, என்னென்னவோ செய்திருக்கிறார்கள். மாத்திரை வடிவத்தில் கொடுக்கும்போது உறிஞ்சலைத் தூண்டும் தனிப் பொருள் சேர்த்தும், விழுங்கியதில் சுமார் 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேருகிறது.

உணவுப் பெப்டைடுகளுக்கு ஒரு சாதகம் உண்டு. இரண்டு, மூன்று அமினோ அமிலம் மட்டும் உள்ள குட்டித் துண்டுகளை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளக் குடல் சுவரில் தனி வாசலே இருக்கிறது. வின்னிபெக் ஆய்விலும் வாய்வழியாகக் கொடுத்துத்தான் பலன் வந்தது. ஆனால் ஹைட்ரோலைசேட் என்பது ஒற்றை மூலக்கூறு அல்ல, ஏகப்பட்ட துண்டுகளின் கலவை. அதில் எது வேலை செய்தது, எவ்வளவு ரத்தத்துக்குப் போனது, அடுத்த முறை தயாரிக்கும்போதும் அதே விகிதத்தில் வருமா என்பதற்கெல்லாம் விடை கிடைத்தால்தான் அதை மருந்து என்று எழுத முடியும். போதாக்குறைக்கு இப்படி வெட்டிய புரதங்கள் பெரும்பாலும் கசக்கும்.

ஜப்பானில் நடந்தது ஒரு பாடம். புளிக்கவைத்த பாலில் இருக்கும் இரண்டு குட்டிப் பெப்டைடுகள், ஒவ்வொன்றிலும் மூன்றே அமினோ அமிலம், பி.பி.யைக் குறைக்கும் என்று அங்கே பானமாகவே விற்பனைக்கு வந்தன. மனிதச் சோதனைகள் பட்டாணிக்கு நடந்ததை விடப் பல மடங்கு அதிகம். அப்படியும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆதாரங்களை அலசிவிட்டு, இந்தப் பெப்டைடுகளுக்கும் பி.பி.க்கும் காரண-விளைவுத் தொடர்பு உறுதியாகவில்லை என்று சொல்லிவிட்டது. ஏழு பேர் ஆய்வு எங்கே நிற்கிறது என்று இதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போ பட்டாணி புரோட்டீன் பவுடர்?

கடையில் கிடைக்கும் பட்டாணி புரோட்டீன் ஐசொலேட் என்பது பெரும்பாலும் வெட்டப்படாத புரதம். வின்னிபெக்கில் எலிகளின் பி.பி.யைக் குறைக்காமல் போன வகை. டப்பாவில் 'பட்டாணி' என்று இருப்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஆரோக்கியமான கிட்னி உள்ளவர் ஜிம் முடித்து ஒரு ஸ்கூப் குடிப்பது வேறு கதை. கிட்னி நோய் உள்ளவருக்குக் கணக்கு கறாரானது. புரதம் செரித்து வரும் யூரியா போன்ற கழிவை வெளியேற்ற வேண்டியது கிட்னிதான். கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டுதல், நோய் மூன்றாம் கட்டத்தில் இருந்து ஐந்தாம் கட்டம் வரை உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் புரதம் என்று சொல்கிறது. நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் 1.3 கிராமைத் தாண்டவே கூடாது என்கிறது. 60 கிலோ எடை உள்ள அம்மாவுக்கு 48 கிராம். பவுடர் ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். வழக்கமான இட்லி, சாம்பார், பருப்பு, தயிரோடு இதையும் சேர்த்தால், அன்றைய கணக்கில் பாதி ஒரே டம்ளரில் முடிந்துவிடும்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். டயாலிசிஸில் அமினோ அமிலங்களும் சேர்ந்து வெளியேறுவதால் அவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். பக்கத்து வீட்டு டயாலிசிஸ் நோயாளியின் டயட்டைப் பார்த்து, டயாலிசிஸ் ஆரம்பிக்காத அப்பாவுக்கு அதையே கொடுத்தால் தப்பாகிவிடும்.

இதனால் தாவர உணவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பருப்பு, பயறுகளில் இருக்கும் பாஸ்பரஸ் ஃபைட்டேட் வடிவில் பிணைந்து கிடப்பதால் அசைவத்தில் இருப்பதைவிட உடலில் குறைவாகத்தான் ஏறும். 2011-ல் அமெரிக்காவில் ஒன்பது கிட்னி நோயாளிகளிடம் ஒரு வாரம் சைவ உணவும் இன்னொரு வாரம் இறைச்சி உணவும் கொடுத்துப் பார்த்தபோது, சைவ வாரத்தில் ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவாக இருந்தது. (இதுவும் சின்ன ஆய்வுதான். ஏழு பேருக்குச் சொன்னது ஒன்பது பேருக்கும் பொருந்தும்.) பட்டாணி, பயறில் பொட்டாசியம் உண்டு என்பதால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருப்பவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றபடி தட்டில் இருக்கும் பருப்பு சாப்பாடு. அதைச் சாப்பாடாகவே வைத்துக்கொள்ளலாம்.

'இயற்கைதானே, மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் டபுள் எஃபெக்ட்' என்று ஒரு வாதம் வரும். ஏற்கெனவே ராமிப்ரிலோ டெல்மிசார்டானோ எடுப்பவர்கள் இதில் விழக் கூடாது. இரண்டுமே அதே ரெனின்-ஆஞ்சியோடென்சின் சங்கிலியில் கை வைக்கும் மருந்துகள். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ஆய்வு 2008-ல் வெளியானது. இதயத்துக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. கிட்னி பாதிப்போ அதிகமானது. அதே சங்கிலியைக் குறிவைக்கும் மூன்றாவது பொருளை, அளவு தெரியாமல், டாக்டரிடம் சொல்லாமல் சேர்ப்பது எவ்வளவு விபரீதம் என்று யோசிக்கலாம்.

இயற்கை என்ற சொல்லுக்கும் கிட்னிக்கும் ஏற்கெனவே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், எடை குறைக்க மூலிகைக் குளிகை சாப்பிட்ட பல இளம் பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. அரிஸ்டோலோக்கியா என்ற தாவரப் பேரினத்தில் இருக்கும் ஓர் அமிலம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதுவும் தாவரப் பொருள்தான்.

இனி என்ன நடக்க வேண்டும்?

தாவரப் பெப்டைடு எதுவும் இன்றுவரை கிட்னி நோய்க்கான மருந்தாக அங்கீகரிக்கப்படவில்லை. அந்த இடத்துக்கு வர, கலவையில் வேலை செய்யும் துண்டைத் தனியாக அடையாளம் காண வேண்டும். பிறகு கிட்னி நோயாளிகளிடம், நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கில், வருடக்கணக்கில் சோதிக்க வேண்டும். வெறும் பி.பி. போதாது. சிறுநீரில் ஆல்புமின் குறைந்ததா, கிட்னி வடிகட்டும் திறன் சரிவது நிதானப்பட்டதா என்று அளக்க வேண்டும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும். மலிவான பட்டாணியில் இருந்து வரும் ஒரு கலவைக்கு அவ்வளவு பணம் போட மருந்து நிறுவனங்களுக்குப் பெரிய ஆர்வம் இருக்காது. உணவு நிறுவனங்களுக்கோ அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. 'தாவரப் புரதம்' என்று லேபிளில் போட்டாலே விற்றுவிடும். நல்ல ஆரம்பத்தோடு பல பெப்டைடுகள் நடுவழியில் நிற்பதற்கு அறிவியலோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அதுவரை கைவசம் இருப்பவை குறைச்சல் இல்லை. ஏ.சி.இ. மருந்துகள் பழசாகி விலை குறைந்துவிட்டன. டாப்பாகிளிஃப்ளோசினையும் காப்புரிமை முடிந்த பிறகு இந்தியாவில் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. யாருக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரையோ பி.பி.யோ இருக்கும் பெற்றோருக்கு வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். பெரும்பாலான லேப்களில் முதல் டெஸ்ட் மாஸ்டர் செக்கப் பேக்கேஜிலேயே வந்துவிடும். இரண்டாவதைப் பல இடங்களில் தனியாகக் கேட்டால்தான் எடுப்பார்கள்.